மீதி

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று
ரேடியோ சொல்லி முடிப்பதற்குள்
கீழே தஸ்தகீரின் ஹார்ன்.
டிவிஎஸ் ஃபிப்டியில் முன்னால் மண்வெட்டி,
பின்னால் எனக்கு இடம்,
நடுவில் துண்டு சுற்றிய மெஷின்:
ஒட்டடைக் கம்பு,
பிரியாணி டப்பா மூடியில் சுற்றிய செம்புக் கம்பி,
ரிச்சி ஸ்ட்ரீட்டில் சண்டை போட்டு வாங்கிய சர்க்யூட்.
நனையாதிருக்க அதற்கு ஒரு பால் கவர்.
அவன் தலைக்கு ஒன்றுமில்லை.

அம்பத்தூர் லேத்தில் இருபத்தாறு வருஷம்.
வலது காது அங்கேயே தங்கிவிட்டது.
இடது காதில் ஹெட்போன்.
அவன் கேட்பான், நான் தோண்டுவேன்.
வேறு ஒப்பந்தம் கிடையாது.

பட்டினப்பாக்கம் தாண்டி
அடையாறு கடலுக்குள் நுழையும் இடத்தில்
இடுப்பளவு மணலை வழித்துக்கொண்டு போயிருக்கிறது புயல்.
அடியிலிருந்த கறுப்பு மணல் வெளியே கிடக்கிறது.
கம்பெனிக் காலத்துத் துட்டு
அதில்தான் இருக்கும் என்பது அவன் கட்சி.

சோடா மூடி. சோடா மூடி.
வலையில் கட்டும் ஈயக்குண்டு.
பிள்ளையார் தொப்புளில் வைத்த ஒரு ரூபாய்.
இன்னொரு ரூபாய், ஓரம் கருகியது,
யார் நெற்றியிலிருந்து வந்ததோ.
அதை மட்டும் திரும்ப மூடிவிட்டு
கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம்.

பகலில் நான் இருபத்தொன்பது சி-யில் கண்டக்டர்.
சில்லறை குடுங்க, சில்லறை குடுங்க என்றே
தொண்டை கட்டியவன்.
இல்லாதபோது டிக்கெட்டின் பின்னால்
மீதியை எழுதிக் கொடுப்பேன்.
மறந்து இறங்கியவர்களின் கணக்கு
தூக்கத்திலும் ஓடும்:
சத்யா ஸ்டுடியோவில் பச்சைச் சட்டைக்கு மூன்று ரூபாய்,
லஸ்ஸில் குடையை ஆட்டிக்கொண்டு போன பெண்ணுக்கு எட்டு.
விடிகாலையில் மண்ணிடமும் அதையேதான் கேட்கிறேன்.
மண் இல்லையென்று சொல்வதில்லை.
பையைத் துழாவ நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான்.

"இன்னாபா, புதையலா?"
ரோந்து வந்த கான்ஸ்டபிள்.
தஸ்தகீர் பணிவாகத் திரும்பி
கேட்காத காதை அவர் பக்கம் வைத்தான்.

ஆறேகாலுக்குப் பூங்காவனம் வந்தாள்.
"இது மூக்குத்தி தேடுமா?"
நேற்று படகை மேட்டுக்கு இழுக்கும்போது
கயிறு முகத்தில் அடித்துவிட்டதாம்.
மூக்கோரம் காய்ந்த ரத்தம்.
ஒற்றைக் கல். அடகுக் கடையிலிருந்து திரும்பி
அஞ்சாம் நாள்.
எந்த இடம்மா?
அவள் கை காட்டிய இடத்தில்
இன்றைக்குக் கடல் இருந்தது.

லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு
தஸ்தகீர் இறங்கிவிட்டான்.
அலை வரும்போது மெஷினைக் குழந்தை மாதிரி தூக்குவான்,
போனதும் தாழ்த்துவான்.
நான் தோண்டத் தோண்டக் குழி மூடிக்கொண்டது.

ஏழு மணிக்கு அவன் கை உயர்ந்தது.
இரண்டு பிடி சேறு. மூன்றாவதில்
தேய்ந்த செம்பு. ராஜா இல்லை, எழுத்து இல்லை,
ஒரு பூவின் பாதி மட்டும்.
பதினாலு மாசமாக நாங்கள் தேடியது.
தஸ்தகீர் ஹெட்போனைக் கழற்றினான்,
அது ஏதோ பேசும் என்பது போல.

பூங்காவனம் வாங்கிப் பார்த்தாள்.
"இது செல்லுமா?"

"செல்லாதும்மா," என்றேன்,
பழக்க தோஷம்.

"அப்ப நீயே வச்சிக்க.
மீதிய எப்ப தருவ?"

ஏழரைக்கு டிப்போவில் இருக்க வேண்டும்.
பையில் நேற்றைய டிக்கெட் ஒன்று ஈரமாய்க் கிடந்தது.
பின்னால் எழுதினேன்: மூக்குத்தி 1.
கையெழுத்தும் போட்டேன்.
இரண்டாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
அவள் ஐஸ் உடைக்கப் போனாள்.

காசைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
சட்டைப் பையில் அது ஜில்லென்று ஒட்டிக்கொண்டு வந்தது.
அடையாறு சிக்னலில்
தஸ்தகீர் திரும்பி, தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டான்:
"சாயங்காலம் கடல் எத்தனை மணிக்குடா
உள்ள வாங்கும்?"